ஈரம் படாத பம்பு

கப்பலில் நல்ல தண்ணீர் ஏற்றுவதற்கு இரண்டு பம்புகள் இருந்தன. ஒன்று ஓடியது, இன்னொன்று ஓடவில்லை. ஓடாத பம்புக்குச் சான்றிதழ் இருந்தது, ஓடுகிற பம்புக்கு இல்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் கப்பல் நன்னீர்க் கருவிகள் தரச்சான்று ஆணையம் என்று ஒன்று இருக்கிற வரையில் எந்த விஷயமும் இவ்வளவோடு முடிந்துவிடாது.

அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டவரைக் கப்பலில் எல்லோரும் பம்புக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வேலையில் சேர்ந்தபோது ஃபிட்டர் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். பதினாறு வருடத்தில் அந்தப் பெயர் தேய்ந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகம் பேசாத மனிதர். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குளிர்ச்சியாக இருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

அதே கப்பலில் சமையல் செய்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. பம்புக்காரர்தான் சிபாரிசு செய்து கூட்டிவந்திருந்தார். மச்சானுக்குச் சிறுநீரகத்தில் கல். நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடித்தால் தானாக இறங்கிவிடும், இல்லாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். “என் தம்பிக்குத் தண்ணி மட்டும் குறையாம பாத்துக்குங்க” என்று மனைவி சொன்னபோது பம்புக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. தண்ணீர் ஏற்றுவதே பிழைப்பாக இருக்கிறவனிடம் இதைவிடச் சுலபமான வேலையை யாரும் ஒப்படைத்திருக்க முடியாது என்று நினைத்தார்.

நடுக்கடலில் முதல் பம்பின் மோட்டார் கருகி, உடம்பும் விரிசல் விட்டது. அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. இரண்டாவது பம்பு முழுச் சுமையையும் வாங்கிக்கொண்டு முனகாமல் ஓடியது. ஆனால் கப்பல் புயலில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அதன் சான்றிதழ் காலாவதியானது. புயலில் யாரும் நாள்காட்டி பார்க்கவில்லை.

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டதும் ஆணையத்தின் ஆய்வாளர் படகில் வந்து ஏறினார். வெயிலில் வந்த மனிதர், ஏறியதும் குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நல்ல ருசி என்று பாராட்டினார். பிறகு சான்றிதழ்க் கோப்பைத் திறந்தவர், பம்பை உடனே நிறுத்தச் சொன்னார்.

“இப்ப நீங்க குடிச்சது இந்தப் பம்பு ஏத்துன தண்ணிதான் சார்” என்றார் பம்புக்காரர்.

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குடிச்சிருக்க மாட்டேன்.”

சான்றிதழ் இல்லாத பம்பைக் கழற்றி ஆணையத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவானது. விரிசல் விட்ட பம்பின் சான்றிதழுக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள் இருந்தது. ஆய்வாளர் அதை நாலு தடவை புரட்டிப் பார்த்து மனம் குளிர்ந்தார். “இயங்கத் தகுதியுள்ள பம்பு: ஒன்று” என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இறங்கிப் போனார். அன்று மாலை கேப்டன் கரைக்குச் செய்தி அனுப்பிக் குடிதண்ணீர் கேட்டபோது, பதிவேட்டின்படி உங்கள் கப்பலில் தகுதியான பம்பு இருப்பதால் உங்களுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லை என்று பதில் வந்தது.

தண்ணீர் இல்லாமல் இல்லை. கப்பலின் அடிவயிற்றில் தொட்டி நிறைய இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லை. தொட்டியின் மூடியைத் திறந்து வாளியால் மொண்டு, மூன்று ஏணி ஏற வேண்டும். தூசி விழும் என்பதால் மூடியை நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் திறக்கக்கூடாது என்று ஆணையத்தின் விதி ஒன்று இருந்தது. கேப்டன் விதிகளை மீறாதவர். பத்தொன்பது பேர் முறைவைத்து மொண்டதில் ஆளுக்கு ஒரு சின்ன வாளி தேறியது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மச்சான் தன் வாளியில் பாதியைச் சமையல் பாத்திரத்தில் ஊற்றினார். கேட்டால், “நான் குடிச்சுக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்” என்பார்.

மறுநாள் காலை பம்புக்காரர் பம்பைச் சாக்கில் சுற்றிப் படகில் இறக்கி, கரையில் ஒரு தள்ளுவண்டி பிடித்து ஆணையத்துக்குப் போனார். ஆறு மாடிக் கட்டடம். வாசலில் ஒரு செயற்கை நீரூற்று இருந்தது, அதில் தண்ணீர் வரவில்லை. காவலாளி அவருக்கு ஒரு நுழைவுச் சீட்டும் பம்புக்கு ஒரு நுழைவுச் சீட்டும் எழுதினார். பம்பின் சீட்டில் “யாரைப் பார்க்க வந்திருக்கிறார்” என்ற இடத்தில் எதை எழுதுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

விண்ணப்பத்தில் பதினான்கு பக்கங்கள். விண்ணப்பதாரருக்கும் பம்புக்கும் என்ன உறவு என்று ஒரு கேள்வி. பம்புக்காரர் தலையைச் சொறிந்துவிட்டுக் காப்பாளர் என்று எழுதினார். எழுத்தர் அதைப் படித்து, சரியான பதில் என்று தலையாட்டினார். அடுத்து பம்பின் புகைப்படம் மூன்று பிரதிகள், நேர்முகமாக எடுத்தது. எது பம்பின் முகம் என்பதில் சிக்கல் வந்தது. உறிஞ்சும் பக்கமா, வெளியேற்றும் பக்கமா என்று எழுத்தர் பக்கத்து மேசையைக் கேட்டார், பக்கத்து மேசை மேல் மாடியைக் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியேற்றும் பக்கமே முகம் என்று எழுத்து மூலமாக முடிவு வந்தது. அதற்குள் புகைப்படக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். முதல் நாள் அப்படிப் போனது.

இரண்டாவது நாள் துணை ஆணையர் முன் ஆஜராகச் சொன்னார்கள். பரிசோதனைக்கு முன் விண்ணப்பதாரருக்கு ஆணையத்தின் பெருமைகளை எடுத்துச் சொல்வது ஒரு சடங்கு, அது நடக்காமல் கோப்பு நகராது. துணை ஆணையரின் அறையில் தரையெங்கும் தடித்த கம்பளம். மேசையில் புட்டித் தண்ணீர் ஆறு வரிசையாக நின்றது. எதிரே நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் பம்பை உட்காரவைத்துவிட்டுக் காப்பாளரை நிற்கச் சொன்னார்கள்.

“எங்க ஆணையத்துக்குப் பதினோரு வயசு” என்று துணை ஆணையர் ஆரம்பித்தார். “கடைசிப் பத்து வருஷத்துல நாங்க பரிசோதிச்ச ஒரு பம்புலகூட ஒரு சொட்டு கசிஞ்சதில்ல. உலகத்துல வேற எந்த அமைப்பும் இப்படிச் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்காரங்க வந்து எப்படின்னு கேக்கறாங்க. ரகசியமே இல்ல. நாங்க பரிசோதனையில தண்ணியே விடறதில்ல.”

பம்புக்காரர் தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். துணை ஆணையர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். முதல் வருடம் தண்ணீர் விட்டுத்தான் பரிசோதித்தார்களாம். நூறு பம்பில் முப்பது கசிந்ததாம். ஆணையத்துக்கு எவ்வளவு கெட்ட பெயர். அதோடு அப்போதைய தலைவரின் காலணி நனைந்துவிட்டது. குழு ஒன்று போட்டு ஆராய்ந்தார்கள். கசிவுக்குக் காரணம் பம்பு அல்ல, தண்ணீர்தான் என்று அந்தக் குழு கண்டுபிடித்தது.

“தண்ணியை நம்ப முடியாதுங்க. இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கும், நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட பொருளை வெச்சு ஒரு கருவியோட தரத்தை முடிவு பண்ணினா அது அந்தக் கருவிக்குச் செய்யற அநியாயம்.” இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஒரு புட்டியைத் திறந்து குடித்துத் தேறிக்கொண்டார்.

இந்த மாதிரிப் பம்பில் சுழலும் தண்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. இரண்டு வழுவழுப்பான வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுற்றும். நடுவில் தண்ணீர் இருந்தால்தான் அது சூடாகாமல் இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் சீல் கருகிவிடும், பிறகு பம்பு தண்ணீரை மேலே அனுப்பாது, பக்கத்தில் பீய்ச்சும். பம்பு வேலை பழக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதுதான். இதைப் பம்புக்காரர் கை இரண்டையும் கட்டிக்கொண்டு, தன்னால் முடிந்த அளவு மரியாதையாகச் சொன்னார்.

“நீங்க பம்பைப் பத்திப் பேசறீங்க” என்றார் துணை ஆணையர். “நாங்க தரத்தைப் பத்திப் பேசறோம்.”

அன்று சாயங்காலம் பம்போடு கப்பலுக்குத் திரும்பியபோது மச்சான் சமையலறை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் உள்ளே போயிருந்தது. எப்ப மாமா தண்ணி வரும் என்று கேட்டார். நாளைக்கு என்றார் பம்புக்காரர். சொன்ன பிறகு அவருக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

மூன்றாவது நாள் பரிசோதனை. கிளம்புவதற்கு முன் பம்புக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருட்டு வேலை செய்தார். பம்பின் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, மேலே துணி சுற்றினார். அது அவருடைய குடிதண்ணீர். சீலாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்.

பரிசோதகர் அனுபவசாலி. பம்பின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார், முகம் மாறியது. அடைப்பைத் திறந்து கவிழ்த்தார். தண்ணீர் அவருடைய காலடியில் கொட்டியதும் கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெண் எழுத்தர் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய் முடி உலர்த்தும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஆணையத்தின் உபகரணப் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கும் கருவி என்று பிறகு தெரிந்தது. இருபது நிமிடம் பம்பின் உட்புறத்தை உலர்த்தினார்கள். பம்புக்காரரிடம் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். “நன்னீர்ப் பம்பில் நீர் கலந்தமை” என்று அதற்குத் தலைப்பு.

பிறகு ஓட்டினார்கள். விதிப்படி பதினோரு நிமிடம், ஆணையத்தின் வயதுக்கு ஒரு நிமிடம் வீதம். இரண்டாவது நிமிடத்தில் கிறீச்சென்று சத்தம் வந்தது. பரிசோதகர் “குரல்: தெளிவு” என்று எழுதினார். நாலாவது நிமிடத்தில் தீய்ந்த வாடை வந்தது. அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. ஆறாவது நிமிடத்தில் தண்டின் பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. பரிசோதகர் அதைக் கொஞ்சம் ரசித்துவிட்டு, ஈரம் சுத்தமாகப் போய்விட்டதற்கு இதுதான் அடையாளம் என்று அருகிலிருந்தவர்களுக்கு விளக்கினார். பம்புக்காரர் சுவிட்சை நோக்கி இரண்டு தடவை நகர்ந்தார், இரண்டு தடவையும் காவலாளி தோளைப் பிடித்து நிறுத்தினார். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே அடிக்கிறார்கள் என்பதுபோல் நின்றார்.

பதினோராவது நிமிடம் முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணியால் பம்பைச் சுற்றித் துடைத்து உயர்த்திக் காட்டினார்கள். எள்ளளவும் ஈரம் இல்லை. கசிவு பூஜ்யம். முதல் தரம். கூடத்தில் கைதட்டினார்கள். துணை ஆணையர் இறங்கிவந்து தன் கையால் சான்றிதழ் கொடுத்தார். பம்பின் மூடியைப் பிணைக்கும் போல்ட்டுகளின் வழியே கம்பி கோத்து, ஈய முத்திரை வைத்து அழுத்தினார்கள். முத்திரையை உடைத்துப் பம்பைத் திறந்தால் சான்றிதழ் செல்லாது, திறந்தவரின் பணி அட்டை பறிக்கப்படும் என்று சான்றிதழின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் இருந்தது.

கப்பலில் பம்பைப் பூட்டி ஓட்டினார்கள். தண்டின் இடுக்கிலிருந்து தண்ணீர் விசிறியடித்து, பக்கத்தில் நின்ற கேப்டனின் சட்டையை நனைத்தது. மேலே குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. மாற்றுச் சீல் ஒன்று பம்புக்காரரின் பெட்டியில் இருந்தது. மூடியைத் திறந்தால் நாற்பது நிமிட வேலை. அவர் கேப்டனின் முகத்தைப் பார்த்தார். கேப்டன் முத்திரையைப் பார்த்தார்.

கேப்டன் கெட்டவர் இல்லை, பயந்தவர். முத்திரை உடைந்தது தெரிந்தால் கப்பலையே ஒரு மாதம் பிடித்துவைப்பார்கள் என்றார். கம்பெனியிலிருந்து ஏற்கெனவே தகவல் வந்துவிட்டது: இரண்டு பம்புக்கும் சான்றிதழ் இருக்கிறது, ஏன் இன்னும் நிற்கிறீர்கள், உடனே கிளம்புங்கள். அடுத்த துறைமுகத்துக்கு ஆறு நாள் ஓட்டம். வாளியிலேயே சமாளிப்போம் என்று கேப்டன் சொன்னார். முதல் தரச் சான்றிதழ் பெற்ற இரண்டு பம்புகளோடு, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரை நம்பிப் பத்தொன்பது பேர் கடலில் கிளம்பினார்கள்.

பம்புக்காரர் நாலு நாள் பொறுத்தார். காலையில் போய் அந்த ஈய முத்திரையைப் பார்ப்பார். பணி அட்டை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று நினைப்பார். பிறகு தன் வாளியில் பாதியை மச்சானுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். மச்சான் அதையும் குடித்தாரா, குழம்பில் ஊற்றினாரா தெரியவில்லை. பன்னிரண்டு வயது குறைந்தவர், ஆனால் இந்தப் பயணத்தில் இவரைவிடக் கிழவராகத் தெரிந்தார். இரவில் பக்கத்து அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது சுவர் வழியாகக் கேட்டது.

நாலாவது நாள் மதியம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சரிந்தார். உடம்பு வியர்வையில் குளித்திருந்தது, உதடு வெடித்திருந்தது. சிறுநீர் சிவப்பாகப் போவதாக அப்போதுதான் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு மூன்று நாளாக என்றார். “உங்களுக்கு அந்த சீலாலேயே தலைவலி. இதை வேற எதுக்கு மாமா சொல்றது.”

பம்புக்காரருக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு ஆணையத்தின் மேல் இல்லை, தன் மேல்தான். நேராகக் கீழே இறங்கினார். வெட்டும் குறடை எடுத்துக் கம்பியை நறுக்கினார். முத்திரை தரையில் உருண்டு ஓடியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி, கருகிப்போன வளையங்களை எடுத்து எறிந்து, புதுச் சீலைப் பொருத்தி, பம்பின் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றி ஓட்டினார். முப்பத்தைந்து நிமிடம்தான் ஆனது. மேலே யாரோ திறந்துவைத்து மறந்த குழாய் ஒன்று இருமிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது. கேப்டன் ஓடிவந்து முத்திரை எங்கே என்று கேட்டார். பம்புக்காரர் உள்ளங்கையைப் பம்பின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். கேப்டன் மேலே போய்க் குளித்தார்.

மச்சான் அன்று நாலு லிட்டர் குடித்தார். மறுநாள் சாயங்காலம் கழிவறையிலிருந்து வெளியே வந்து, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. பம்புக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த துறைமுகத்திலும் ஆணையத்துக்குக் கிளை இருந்தது. ஏறிவந்த ஆய்வாளர் பம்பைத் தொட்டுப் பார்த்தார், விரல் நனைந்தது. அதற்குமேல் அவருக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்தது. பழைய துறைமுகத்திலிருந்து பரிசோதகரைச் சாட்சி சொல்ல வரவழைத்திருந்தார்கள். இந்தப் பம்பை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரிகிறது, ஆனால் நான் கடைசியாகப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தது, இப்படி ஈரமாக இல்லை என்றார் அவர். முத்திரையை உடைத்தது முதல் குற்றம். பம்புக்குள் தண்ணீர் காணப்பட்டது இரண்டாவது குற்றம், அதுவும் எழுத்து மூல எச்சரிக்கைக்குப் பிறகு. பரிசோதிக்கப்பட்ட பம்பைப் பரிசோதனைக்கு மாறான முறையில் இரண்டு நாள் இயக்கி, பத்தொன்பது பேர் தண்ணீர் குடிக்க உடந்தையாக இருந்தது மூன்றாவது.

என்ன நோக்கத்தில் இதைச் செய்தீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். பம்புக்காரர் மச்சானைப் பற்றிச் சொன்னார். தலைவர் பரிவோடு கேட்டுக்கொண்டார். சிறுநீரகம் ஆணையத்தின் வரம்புக்குள் வராது, அதனால் அந்தப் பகுதியைப் பதிவு செய்ய முடியவில்லை என்று வருத்தப்பட்டார். பம்பைப் பறிமுதல் செய்தார்கள். விரிசல் விட்ட பம்புக்குச் சான்றிதழ் இருப்பதால் கப்பல் தடையின்றிப் புறப்படலாம் என்று உத்தரவு போட்டார்கள். பம்புக்காரரின் பணி அட்டை தொண்ணூறு நாளைக்கு முடக்கப்படும். செய்த காரியத்துக்காக மனம் வருந்தினால் தண்டனையைக் குறைப்பதற்கு விதியில் இடம் இருக்கிறது என்றும் தலைவர் சொன்னார்.

“வருத்தப்படறீங்களா?”

“ரொம்ப வருத்தப்படறேன் சார்” என்றார் பம்புக்காரர். “நாலு நாள் முன்னாடியே உடைச்சிருக்கணும்.”

எழுத்தர் பேனாவை நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். மூன்று பேரும் தலையைச் சேர்த்துவைத்துக் கிசுகிசுத்தார்கள், விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கடைசியில், விண்ணப்பதாரர் வருத்தம் தெரிவித்தார், எத்தனை நாள் என்பதையும் தாமாகவே குறிப்பிட்டார் என்று பதிவானது. தண்டனை எண்பத்தாறு நாளாகக் குறைக்கப்பட்டது.